விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு: அப்கிரேடு எங்கே நின்றது என்று பார்த்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஆனால் அந்தப் பதிப்பு இன்னும் எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, 11-க்கு மாறிவிடலாம் என்று உட்கார்ந்தால், பல கணினிகளில் அப்கிரேடு பாதி தூரம் போய், ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டுப் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடும். சர்வீஸ் கடையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "ஃபார்மட் பண்ணிடலாம்."

பல சமயம் அதற்குத் தேவையே இல்லை. அப்கிரேடு எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை விண்டோஸே சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் கோளாறைத் தேட வேண்டிய இடம் நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடும். எந்த வேலையையும் ஃபார்மட்டில் தொடங்காதீர்கள். அது கடைசி வழி.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இது எல்லோரும் சொல்வதுதான். அதிகம் பேர் விட்டுவிடுகிற இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, பிட்லாக்கர் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதி) மீட்புச் சாவி. 48 இலக்க எண் அது. உங்கள் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைத்த பல மடிக்கணினிகளில் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும், கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ஒரு அமைப்பை மாற்றினாலே அடுத்த முறை கணினி அந்த எண்ணைக் கேட்கலாம். எண் இல்லையென்றால் உள்ளே இருக்கும் எதையும் யாராலும் மீட்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனத்தின் பெயரோடு அது சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் பயாஸைத் தொடுங்கள். தொடும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வையுங்கள் (புரோ பதிப்பில் கன்ட்ரோல் பேனலில் இந்தத் தேர்வு இருக்கும்).

இரண்டாவது, தமிழ் எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டிய பழைய ஆவணங்கள் இருந்தால், எழுத்துரு போய்விட்டால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அப்கிரேடு செய்தால் எழுத்துருக்கள் பொதுவாக அப்படியே வந்துவிடும். புதிதாக நிறுவினால் வராது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் போதாது. 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று தேர்ந்தெடுக்காமல் நிறுவியவை உங்கள் பயனர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும். அதையும் எடுங்கள்.

மடிக்கணினியை சார்ஜரில் போட்டே வையுங்கள். மேசைக்கணினியாக இருந்தால் யுபிஎஸ் கட்டாயம். பயாஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் மதர்போர்டே பயனற்றுப் போகலாம்.

"இந்தக் கணினி தகுதியானதல்ல" என்று வந்தால்

மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டினால் எது குறைகிறது என்று தனித்தனியாகக் காட்டும். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் என்பவை பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. மாட்டிக்கொள்வது மூன்று இடங்களில்: டிபிஎம் 2.0 (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்ப விடும் வசதி), பிராசஸர்.

டிபிஎம் இல்லை என்று காட்டினால் அதை அப்படியே நம்ப வேண்டாம். சிப் இருந்தும் பயாஸில் அணைந்து கிடப்பது மிகவும் சாதாரணம், குறிப்பாக அசெம்பிள் செய்த கணினிகளில். கணினியை இயக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். இன்டெல் என்றால் 'பிடிடி', ஏஎம்டி என்றால் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் தேடுங்கள். செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்டு பிரிவில் இருக்கும். அதை இயக்கி, சேமித்து வெளியே வந்தால் போதும்.

செக்யூர் பூட் கொஞ்சம் சிக்கலானது. ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து, 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். 'யூஇஎஃப்ஐ' (பயாஸின் புதிய வடிவம்) என்று இருந்தால் கவலையில்லை. 'லெகசி' என்று இருந்தால் உங்கள் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பயாஸில் போய் நேரடியாக யூஇஎஃப்ஐ-க்கு மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. முதலில் டிஸ்கை 'ஜிபிடி' என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்ற வேண்டும்.

அதற்கு விண்டோஸுக்குள்ளேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. தரவை அழிக்காமல் மாற்றும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் முதலில் 'வேலிடேட்' என்ற தேர்வோடு ஓட்டிச் சோதியுங்கள். அது சம்மதித்த பிறகே 'கன்வர்ட்' செய்யுங்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்வதானால் இந்த இரண்டு கட்டளைகளோடும் 'அலவ்ஃபுல்ஓஎஸ்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

'வேலிடேட்' தோற்றால் காரணம் பெரும்பாலும் பார்ட்டிஷன்கள்தான், அதாவது டிஸ்கைப் பிரித்த பகுதிகள். டிஸ்கில் அதிகபட்சம் மூன்று பிரைமரி பார்ட்டிஷன்கள் இருக்கலாம், எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருக்கவே கூடாது. சி, டி, ஈ, எஃப் என்று பிரித்துக் கொடுப்பது நம் ஊர் கடைகளில் நெடுங்காலப் பழக்கம். எம்பிஆர் டிஸ்கில் அந்த டி, ஈ எல்லாம் பெரும்பாலும் எக்ஸ்டெண்டடுக்குள் இருக்கும் லாஜிக்கல் டிரைவ்கள். அவற்றில் உள்ளதை வெளியே நகலெடுத்து, அவற்றை நீக்கிவிட்டு மாற்றினால் வேலை முடியும். மாற்றிய உடனே பயாஸுக்குப் போய் 'லெகசி' அல்லது 'சிஎஸ்எம்' (பழைய முறையில் எழும்ப உதவும் அமைப்பு) என்பதை அணைத்து யூஇஎஃப்ஐ-க்குக் கொண்டுவாருங்கள். மிகப் பழைய கிராஃபிக்ஸ் அட்டை மாட்டிய கணினியில் சிஎஸ்எம்மை அணைத்ததும் திரையே வராமல் போகலாம். பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால் அட்டையைக் கழற்றிவிட்டு மதர்போர்டு வழியாகத் திரையை இணையுங்கள்.

பிராசஸர்தான் தடை என்றால் பயாஸில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் பட்டியலில் உண்டு. சோதனையைத் தாண்டவைக்கும் பென் டிரைவை 'ரூஃபஸ்' போன்ற கருவிகளால் செய்யலாம். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கோர் 2 டுவோ காலத்துப் பிராசஸர்கள் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் எழும்பவே எழும்பாது. அவற்றில் இல்லாத ஒரு கட்டளையை அந்தப் பதிப்பு கட்டாயமாகக் கேட்கிறது. வங்கி வேலையும் ஜிஎஸ்டி வேலையும் நடக்கும் கணினியில் இந்தக் குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10-லேயே இருந்துகொண்டு, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை காலம் வாங்கிக்கொள்ளலாம். அல்லது லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்கள் பக்கம் போகலாம். பிரவுசரும் ஆஃபீஸ் வேலையும் மட்டும் என்றால் அது நல்ல முடிவு.

அப்கிரேடை ஓட்டும் முறை

விண்டோஸ் அப்டேட் வழியாகத் திரும்பத் திரும்பத் தோற்றால், அதையே நாலு முறை அழுத்துவதில் பயனில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) முழுதாக இறக்கி, அதை இருமுறை சொடுக்கித் திறந்து, உள்ளே இருக்கும் 'செட்டப்' கோப்பை ஓட்டுங்கள். என் அனுபவத்தில் இதுவே அதிகம் கைகொடுக்கும் வழி. முதல் திரையில் அப்டேட் இறக்கும் விதத்தை மாற்றும் இணைப்பு ஒன்று இருக்கும். அதில் 'இப்போது வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், இணையம் தொங்கி அப்கிரேடு நடுவில் நிற்கும் தொல்லை போய்விடும்.

ஓட்டும் முன் சிறு வேலைகள் சில. சி டிரைவில் குறைந்தது 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். வெளி நிறுவன ஆன்டிவைரஸை நிறுத்தினால் போதாது, முழுதாக நீக்கிவிடுங்கள். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாக அந்த இடத்துக்கு வந்துவிடும். விசைப்பலகை, மவுஸ் தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பிரின்டர், கணக்கு மென்பொருளின் டாங்கிள் (உரிமத்துக்கான யுஎஸ்பி சாவி), டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், வெளி ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு.

'கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்' என்ற தேர்வு மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கிறதா? உடனே நிறுத்துங்கள். அப்படியே தொடர்ந்தால் செயலிகள் எல்லாம் போய்விடும். காரணம் பெரும்பாலும் மொழிதான். அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவிய கணினிக்கு 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்' ஐஎஸ்ஓ பொருந்தாது, அதே மாதிரி மறுபக்கமும். பிழைச் செய்தி எதுவும் வராததால் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் பலர் தவிக்கிறார்கள். சரியான மொழி ஐஎஸ்ஓவை இறக்கினால் தேர்வு தெளிவாகிவிடும்.

பிழை எண்ணின் இரண்டாம் பாதியைப் படியுங்கள்

அப்கிரேடு தோற்றால் திரையில் இரண்டு எண்கள் கோடு போட்டுப் பிரித்து வரும். இரண்டுக்கும் முன்னால் பூஜ்ஜியமும் எக்ஸும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு எழுதுகிறேன். உதாரணம்: சி1900101 – 20017. எல்லோரும் முதல் எண்ணை மட்டும் தேடுகிறார்கள். சி1900101 என்றால் பொதுவாக 'டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) கோளாறு' என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. துப்பு இரண்டாம் எண்ணில் இருக்கிறது, அதன் முதல் இலக்கத்தில்.

1 என்று தொடங்கினால், பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தபோதே நின்றிருக்கிறது. இடப் பற்றாக்குறை, அரைகுறையாக இறங்கிய கோப்பு, பொருந்தாத செயலி ஆகியவற்றைப் பாருங்கள். முதல் எண் 80070070 என்றால் டிஸ்கில் இடமில்லை. சி1900208 என்றால் ஏதோ ஒரு செயலி தடுக்கிறது. பெரும்பாலும் பழைய ஆன்டிவைரஸ் அல்லது குறியாக்க மென்பொருள்.

2 என்று தொடங்கினால், முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு, செட்டப் தன் தற்காலிகச் சூழலில் ஓடும்போது நின்றிருக்கிறது. அங்கே டிஸ்க், சேமிப்பக டிரைவர், பயாஸ் ஆகியவையே சந்தேகத்துக்குரியவை. மதர்போர்டு அல்லது மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து பயாஸையும் சிப்செட் டிரைவரையும் புதுப்பியுங்கள். டிஸ்க் ஒன்றுக்கு மேல் இருந்தால் விண்டோஸ் இல்லாததைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

3 என்று தொடங்கினால், புதிய விண்டோஸ் முதன்முறை எழுந்து வன்பொருள்களை அடையாளம் காணும் இடம் அது. 30018 என்றால் ஒரு சாதனத்தின் டிரைவர் செட்டப்புக்குப் பதில் தராமல் நின்றுவிட்டது. கிராஃபிக்ஸ், வைஃபை, ஆடியோ டிரைவர்களைப் புதுப்பியுங்கள். பயன்படுத்தாமல் கிடக்கும் விபிஎன், மெய்நிகர் டிரைவ், பழைய ஸ்கேனர் ஆகியவற்றின் மென்பொருளை நீக்குங்கள்.

4 என்று தொடங்கினால், கிட்டத்தட்ட முடிந்த பிறகு, பயனர் கணக்குகளை இடம் மாற்றும்போது விழுந்திருக்கிறது. 4000டி அடிக்கடி வருவது. பழைய, உடைந்த பயனர் கணக்கு ஏதாவது மிச்சமிருக்கிறதா பாருங்கள். 'யூசர்ஸ்' ஃபோல்டரில் யாருக்கும் சொந்தமில்லாத பெயர்கள் இருந்தால், சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் உள்ள 'யூசர் புரொஃபைல்ஸ்' வழியாக நீக்குங்கள். ஃபோல்டரை மட்டும் கையால் அழித்தால் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிவு அப்படியே தங்கிவிடும், பிழையும் திரும்ப வரும்.

எண்ணே வராமல் பழைய விண்டோஸுக்குத் திரும்பிவிட்டால்? விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் 'செட்டப்டயாக்' என்ற கருவி தோல்விக்குப் பின் தானாக ஓடி, காரணத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'லாக்ஸ்', அதற்குள் 'செட்டப்டயாக்' என்று போனால் முடிவுக் கோப்பு கிடைக்கும். நோட்பேடில் திறந்து படிக்கலாம். தடுத்த டிரைவரின் பெயரே சில சமயம் அதில் இருக்கும்.

'சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை' என்ற செய்தி தனி வகை. டிஸ்கின் தொடக்கத்தில் 100 எம்பி அளவில் ஒரு மறைந்த பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸ் எழும்பத் தேவையான கோப்புகள் அதில் இருக்கின்றன. பழைய பயாஸ் அப்டேட் கோப்புகளும், எழும்பும் திரைக்கான பல மொழி எழுத்துருக்களும் சேர்ந்து அது நிறைந்துவிடுகிறது. அந்த எழுத்துருக்களை மட்டும் நீக்கி இடம் உண்டாக்கும் கட்டளைகளை மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கம் வரிசையாகத் தருகிறது. அதை அப்படியே பின்பற்றுங்கள். வேறு எதையும் அங்கே தொடாதீர்கள், ஒரு கோப்பு தவறிப்போனாலும் கணினி எழும்பாது.

சதவீதம் ஒரே இடத்தில் நிற்பது பிழையென்று அவசரப்பட வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க் கணினியில் ஒரே எண்ணில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கலாம். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள்.

புதிதாக நிறுவும்போது வரும் சிக்கல்கள்

எல்லாம் பார்த்தும் முடியவில்லை என்றால்தான் இங்கே வர வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். ஐஎஸ்ஓவில் உள்ளதை பென் டிரைவில் அப்படியே நகலெடுத்தால் ஒரு கோப்பு ஏறாது. 'ஃபேட்32' என்ற கோப்பு முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது, நிறுவல் கோப்பு அதைவிடப் பெரியது. 'மீடியா கிரியேஷன் டூல்' அல்லது 'ரூஃபஸ்' மூலம் செய்தால் அவையே பார்த்துக்கொள்ளும்.

இப்போதைய மடிக்கணினிகளில் பலரையும் திகைக்க வைப்பது, 'எங்கே நிறுவ வேண்டும்' என்ற திரையில் டிஸ்கே தெரியாமல் போவது. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று நினைத்து புதிது வாங்கிவிடுகிறார்கள். இன்டெல் பதினோராம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் 'விஎம்டி' என்ற அமைப்பின் பின்னால் எஸ்எஸ்டி இணைந்திருக்கும். அதற்கான டிரைவர் செட்டப்பிடம் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணில் படாது. வேறொரு கணினியில் உங்கள் மாடலின் ஆதரவுப் பக்கத்துக்குப் போய் 'இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ்' டிரைவரை இறக்குங்கள். அது ஒரே நிறுவல் கோப்பாக வந்தால் செட்டப்பால் படிக்க முடியாது. அதைப் பிரித்து, 'இன்ஃப்' என்று முடியும் கோப்புகள் வெளியே தெரியும்படி ஒரு ஃபோல்டரில் போட்டு, பென் டிரைவில் வையுங்கள். செட்டப் திரையில் 'லோட் டிரைவர்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்து நிற்கும். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் தெரியும். ஆனால் டிஸ்கை முழுதாக அழித்து நிறுவப் போகிறீர்கள் என்றால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அதற்குப் பிறகு நீலத்திரை காட்டி நின்றுவிடும்.

டச்பேடும் வேலை செய்யாமல் போகலாம். யுஎஸ்பி மவுஸ் ஒன்று கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் டேப், என்டர் விசைகளால் நகருங்கள்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் 'எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருப்பதால் நிறுவ முடியாது' என்கிறதா? அந்த டிஸ்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கி, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுத்தால் ஜிபிடியாக அதுவே பிரித்துக்கொள்ளும். இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் மற்றதைக் கழற்றிவிட்டே இதைச் செய்யுங்கள். தவறான டிஸ்கை அழிக்கும் ஆபத்து ஒருபக்கம். எழும்பும் கோப்புகளை செட்டப் மற்ற டிஸ்கில் கொண்டுபோய் வைத்துவிடுவது இன்னொரு பக்கம். பின்னாளில் அந்த டிஸ்கைக் கழற்றினால் விண்டோஸ் எழும்பாது.

முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி முதல் திரையே வந்தால், பென் டிரைவிலிருந்தே திரும்ப எழும்பியிருக்கிறது. அதை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், அவ்வளவுதான்.

வைஃபை டிரைவர் இல்லாமல் இணையத் திரையில் மாட்டிக்கொண்டால், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' இயக்குங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காமலே வேலை செய்யும்.

முடிந்த பிறகு

ஆக்டிவேஷன் கேட்டால் பயப்பட வேண்டாம். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது. அதே பதிப்பை நிறுவியிருந்தால் இணையம் கிடைத்ததும் தானாகச் சரியாகிவிடும். புரோ வைத்திருந்தவருக்கு ஹோம் வந்து நிற்பது உண்டு. மடிக்கணினியின் பயாஸுக்குள் ஹோம் சாவி பதிந்திருந்தால் செட்டப் கேட்காமலே அதை எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போய் உங்கள் புரோ சாவியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

திரை கறுப்பாக இருந்து மவுஸ் அம்பு மட்டும் தெரிந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். விண்டோஸே எழும்பாமல் தொடர்ந்து தோற்றால், தானாகவே மீட்புத் திரை வரும். அங்கே மேம்பட்ட தேர்வுகளில் 'அப்டேட்களை நீக்கு' என்பதன் கீழ் 'ஃபீச்சர் அப்டேட்' நீக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் பழைய பதிப்பு திரும்ப வரும். பிட்லாக்கர் எண்ணைக் கேட்கும் இடமும் இதுதான்.

அப்கிரேடு செய்தவர்களுக்குப் பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் அது முழுதாகக் காத்திருக்கும். பிரின்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள், டாங்கிள், டிஜிட்டல் கையெழுத்து என்று தொழிலுக்குத் தேவையான ஒவ்வொன்றையும் அந்தப் பத்து நாளுக்குள் ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஓடவில்லை என்றால் செட்டிங்ஸில் 'ரிக்கவரி' பக்கத்தில் 'கோ பேக்' அழுத்தலாம். அதுவரை இடம் மிச்சப்படுத்த என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி அந்த ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.